28,000 ரூபாயும் ஒரு துண்டும்: ஐந்தாம் குறுக்குத் தெருவில் மாதச் சாமான்

கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையில் மாதச் சாமான் வாங்கினால் உண்மையிலேயே மிச்சம் பிடிக்கலாமா என்று, நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் என்னிடம் கேட்பவர்கள் பலர். பிடிக்கலாம். ஆனால் அந்த மிச்சம் விலைக்குறைவால் மட்டும் வருவதில்லை. அங்கே காசு கொடுப்பதற்கு முன்பே, சாமான் நிறுப்பதற்கும் முன்பே, மொத்தக் கணக்கு கையில் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுச் செலவு கட்டுக்குள் நிற்பதற்கு அதுதான் முதல் காரணம். விலை இரண்டாவதுதான்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நானும் இவரும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், மாமி. நான் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் லிகிதர். சமையல் யாழ்ப்பாணத்து முறை. காலையிலோ இரவிலோ இடியப்பம், பிட்டு, தோசை மாறி மாறி வரும், மத்தியானம் சோறு. சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 70,000 ரூபாய் ஒதுக்குகிறோம். அதில் அரிசி, பருப்பு, மா, சீனி, எண்ணெய், தூள் சரக்கு, கருவாடு என்று கெடாமல் இருக்கும் உலர் சாமானுக்கு 28,000. மரக்கறி, மீன், தேங்காய், முட்டைக்கு வாரம் 7,000 வீதம் நாலு வாரத்துக்கு 28,000. பால்மா, தேயிலை, சவர்க்காரம் மாதிரி விலை அச்சிட்டு வரும் பொருட்களுக்கு 9,000. மிச்சம் 5,000 தனியே ஒரு கவரில். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் அந்த ஐந்தாவது வாரத்தின் மரக்கறிக்கு அதுதான் கைகொடுக்கும். அந்தக் கவரை மாதத் தொடக்கத்திலேயே தொட்டால் கணக்கு முழுவதும் குலைந்துவிடும் என்பதால் அது மாமியின் அலுமாரியில் இருக்கிறது.

இங்கே நான் எழுதப்போவது அந்த முதல் 28,000 பற்றி.

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, பிரதான வீதிக்கு வந்து, சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் இருக்கும் இரண்டாம் குறுக்குத் தெருவைக் கடந்து நடந்தால் மூன்றாவது, நான்காவது என்று தெருக்கள் வரிசையாக வரும். நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, சீனி எல்லாம் லொறி லொறியாக இறங்கும். அது பெரும்பாலும் கடை வைத்திருப்பவர்களுக்கான தெரு. அடுத்த ஐந்தாம் குறுக்குத் தெருவில் மொத்தமும் சில்லறையும் சேர்த்து நடத்தும் பலசரக்குக் கடைகள் இருக்கின்றன. அரைக்கிலோ மல்லி கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒரு மூட்டை கேட்டாலும் உள்ளே இருந்து வரும். நான் போகிற கடையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த முறை அந்த ஒரு கடைக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அந்தத் தெருவில் துண்டுக்குச் சாமான் கட்டுகிற எந்தக் கடையிலும் நீங்கள் இதைச் செய்யலாம்.

துண்டு என்பது நாங்கள் எழுதிக் கொண்டு போகும் பட்டியல்தான். வெள்ளிக்கிழமை இரவு மாமியும் நானும் டப்பாக்களைத் திறந்து பார்த்து எழுதுவோம். சனிக்கிழமை காலையில் அதைக் கடைக்காரரிடம் கொடுத்தால், மேசையில் இருக்கும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அன்றைய விலையைப் போட்டு, கீழே கூட்டி, கோடிழுத்துத் திருப்பித் தருவார். அதுவரைக்கும் ஒரு பொருளும் தராசுக்குப் போகாது. சாமான் உள்ளே களஞ்சியத்தில் இருக்கிறது. கணக்கு முடிந்து காசு கட்டிய பிறகுதான் உள்ளே ஆள் அனுப்பி எடுப்பார்கள். மொத்த வியாபாரத்தில் அவர்களுக்கு அது வசதி. மூட்டையை இறக்கிவிட்டுப் பேரம் பேசிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அந்த வசதி எங்களைப் போன்ற வீட்டுக்காரருக்கும் சேர்ந்து கிடைக்கிறது.

கூட்டுத்தொகை 28,000ஐத் தாண்டினால் நானா கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "வெட்டுறதா தங்கச்சி, குறைக்கிறதா?" ஒரு பொருளையே வெட்டிவிடுவதா, அல்லது ஒன்றிரண்டின் அளவைக் குறைப்பதா என்று அர்த்தம். இவ்வளவு பயனுள்ள கேள்வியை வேறு எந்தக் கடையிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடைக்கு வெளியே ஓரமாக நின்று, துண்டைப் பார்த்து, யோசித்து, உழுந்தில் அரைக்கிலோ குறைத்து, முந்திரிகை வற்றலை வெட்டி, திரும்பவும் கொடுப்பேன். புதுக் கூட்டுத்தொகை போட்டுத் தருவார். காசு, சாமான், வீடு. அவ்வளவுதான்.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி தெரியும். சுப்பர்மார்க்கெட்டில் மொத்தம் தெரிவது கடைசி நிமிடத்தில், காசாளருக்கு முன்னால், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது. அந்த நேரத்தில் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளும் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒழுங்கைக் கடைக் கொப்பிக் கணக்கில் மொத்தம் தெரிவது மாத முடிவில். அதற்குள் சாமான் சமைத்துச் சாப்பிட்டு முடிந்திருக்கும். குறைப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. இரண்டு இடத்திலும் நேர்மையான வியாபாரிகள் இருக்கிறார்கள், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மொத்தம் எந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் மாதக் கணக்கைக் காப்பாற்றுகிறது.

முன்பெல்லாம் எங்கள் வீட்டில் அளவுப் பட்டியல்தான் இருந்தது. பருப்பு நாலு கிலோ, சீனி நாலு கிலோ என்று அம்மா காலத்து முறை. விலை ஏறக்குறைய நிலையாக இருந்த நாட்களில் அது சரி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவு விலைகள் முந்திய வருடத்து செப்டெம்பரை விட 94.9 வீதம் கூடியிருந்தன. ஆயிரம் ரூபாய்ச் சாமான் கிட்டத்தட்ட இரண்டாயிரம். பிறகு ஏறும் வேகம் தணிந்தது. ஆனால் ஏறிய விலைகள் பெரும்பாலும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. சம்பளமும் அந்த வேகத்தில் ஏறவில்லை. அந்த நிலையில் அளவை மட்டும் எழுதி வைத்திருப்பதில் பயன் இல்லை. காசு முதலில், அளவு அதற்குப் பிறகு. துண்டுமுறை அதற்குத்தான் இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முன்பே, அந்த ஓகஸ்டில், 40 வீத ஏற்றுமதி வரி போட்டிருந்தது. இங்கே நாங்கள் வாங்கும் பெரிய வெங்காயத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்பதால் விலை கண்டபடி ஏறியது. சுப்பர்மார்க்கெட்டில் கை பழகிய அளவுக்கு எடுத்துப் பையில் போட்டுவிடுவோம், தனி வரியாகக் கவனிக்கமாட்டோம். துண்டில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் நானா எழுதிய விலையைப் பார்த்ததும் தெளிவாகத் தெரிந்தது. ஆறு கிலோவை மூன்றாக்கினேன். மாமி பருப்புக்கறிக்கு வெங்காயத்தைக் குறைத்து உள்ளியையும் செத்தல் மிளகாயையும் கூடப் போட்டுத் தாளித்தார். சம்பலுக்கு மட்டும் வெங்காயம் குறையவில்லை. 2024 மே மாதம் தடை நீங்கியது. விலை இறங்க இறங்க எங்கள் துண்டில் வெங்காயமும் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்தது. அந்த ஐந்து மாதமும் 28,000 அசையவில்லை.

சரி, எதை அங்கே வாங்கலாம்?

தூள் சரக்குதான் முதலிடம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் முழுதாக வாங்கி, வீட்டில் வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்தால் சின்னப் பைக்கற் தூளோடு ஒப்பிடவே முடியாத மிச்சம். மணமும் வேறு. மிளகாயை வாங்கும்போது கையில் எடுத்துக் குலுக்குங்கள். விதை உள்ளே சலசலக்க வேண்டும். ஈரம் இருந்தால் மிளகாய் மெதுவாக வளையும், நிறையும் கூடும். தண்ணீருக்குக் காசு கொடுப்பதாக முடியும். மல்லியை நசுக்கி மணந்து பாருங்கள். போன வருடத்து மல்லி நிறத்தில் வித்தியாசம் காட்டாது, மணத்தில்தான் அகப்படும். மஞ்சளை நான் கிழங்காகத்தான் வாங்குவேன். 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை பல மடங்கு ஏறியபோது மஞ்சள்தூளில் அரிசிமா கலந்து விற்றவர்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வந்தது. அப்போது பிடித்த பழக்கம், இப்போதும் விடவில்லை.

உழுந்து, பயறு, கௌபி அடுத்தது. இவற்றுக்கும் அந்த வருடம் இறக்குமதித் தடை வந்தது. உழுந்து விலை ஏறிய நாட்களில் தோசை எங்கள் வீட்டில் வாரத்தில் ஒரு நாளுக்கு வந்துவிட்டது, பிட்டு கூடியது. வவுனியாப் பக்கத்து உழுந்து வரும் காலத்தில் கேட்டு வாங்குங்கள். மா நன்றாகப் பொங்கும், தோசைக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும் என்று மாமி சொல்வார்.

அரிசியில் கவனம் வேண்டும். 2024 டிசம்பரில் அரசாங்கம் அதிகபட்சச் சில்லறை விலை போட்டது. பச்சையரிசி 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச்சம்பா 260. இதில் கீரிச்சம்பா அந்த விலைக்கு எனக்குச் சுலபமாகக் கிடைத்ததே இல்லை. நானா நேராகவே சொல்லிவிடுவார், "அந்த விலைக்கு இல்லை தங்கச்சி, நாட்டரிசி எடுங்க." அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். வார நாட்களில் நாட்டரிசி, ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்தாளி வந்தாலும் சம்பா என்று நாங்கள் மாற்றிக்கொண்டோம். பிள்ளைகள் முதலில் முனகினார்கள், பிறகு பழகிவிட்டது. அரிசியில் புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் பெரிய விலை வித்தியாசம் இல்லை. சுமந்து வரும் கூலியைப் பார்த்தால் அரிசியை வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கலாம். நான் அங்கே வாங்குவதற்கு ஒரே காரணம், அதுவும் அதே துண்டில், அதே 28,000க்குள் நிற்க வேண்டும் என்பதுதான்.

கருவாடும் நெத்தலியும் கட்டாயம் இங்கேதான். நெத்தலியில் தாய்லாந்து நெத்தலி, உள்ளூர் நெத்தலி என்று இரண்டு விலை போட்டிருக்கும். பொரிப்பதற்கு முதலாவது, குழம்புக்கு இரண்டாவது என்று நாங்கள் பிரித்து வாங்குகிறோம். மழை நாட்களில் கருவாடு வேண்டாம். ஈரப்பிடிப்பில் உப்புக் கரைந்து ஒட்டும், வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே மணம் மாறும்.

வாங்கக் கூடாதவையும் இருக்கின்றன. பால்மா, தேயிலைப் பைக்கற், பற்பசை, சவர்க்காரம், பிஸ்கட் போன்றவற்றில் அதிகபட்ச விலை அச்சிட்டே வருகிறது. எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய அதே விலைதான். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்காகத் தூக்கிக் கொண்டு வருவதில் பொருள் இல்லை. அவற்றை அரசாங்கத்தின் சதொசக் கடையிலோ, சலுகை போடும் நாளில் சுப்பர்மார்க்கெட்டிலோ வாங்குகிறேன். அதற்குத்தான் அந்த 9,000 தனியே இருக்கிறது. வங்கி அட்டைக்கு மரக்கறி, மீனில் விலைக்கழிவு தரும் நாட்களும் உண்டு. ஆனால் கழிவு கிடைக்க இவ்வளவு தொகைக்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் நான் விட்டுவிடுவேன். 7,000 ரூபாய் வாரத்தில் அந்தத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாத ஒன்றை எடுத்தால் கழிவு போன இடம் தெரியாது.

மரக்கறிக்காகவும் புறக்கோட்டைக்குப் போகாதீர்கள். மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போய்விட்டது. பழைய நினைவில் இன்னும் சிலர் பையோடு போய்த் தேடுகிறார்கள். வீதியோரத்தில் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் மாதச் சாமானோடு கத்தரிக்காயையும் கோவாவையும் ஒரே ஓட்டோவில் அடுக்கினால் வீட்டுக்கு வரும்போது பாதி நசிந்திருக்கும். வெள்ளவத்தைச் சந்தையே போதும், அதிலும் மாலையில்.

தேங்காய்தான் எனக்கு இன்னும் தீராத தலைவலி. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது. யாழ்ப்பாணச் சமையலில் தேங்காய் இல்லாமல் பிட்டு, சம்பல், சொதி, பால்கறி ஒன்றும் இல்லை. நாளுக்கு ஒரு தேங்காய் என்றால் வாரத்தில் 1,400 ரூபாய்க்கு மேலே, 7,000இல் ஐந்தில் ஒரு பங்கு. அதைத் துண்டுக் கடை தீர்க்காது. தேங்காய்க்கு மொத்த விலையில் நாங்கள் பிடிக்கும் மிச்சத்தை சுமைகூலி தின்றுவிடும். சொதியை நாள் விட்டு நாள் ஆக்கினோம், முதற்பாலும் கடைசிப்பாலும் பிரித்து இரண்டு கறிக்குப் போட்டோம். இதை எழுதுவதற்குக் காரணம், ஐந்தாம் குறுக்குத் தெரு எல்லாவற்றையும் சமாளித்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

அப்புறம், எவ்வளவு வாங்குவது என்ற விஷயம். மொத்த விலைக் கடைக்குள் நின்றால் ஐந்து கிலோவுக்கும் பத்துக் கிலோவுக்கும் கிலோவுக்கு இருபது ரூபாய் வித்தியாசம் என்று சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் லாபம்தான். ஆனால் நாங்கள் இருப்பது கடலுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில். வெள்ளவத்தைக் காற்றில் உப்பு ஈரம் இருக்கிறது. உப்புப் போத்தல் கட்டியாகிறது, அப்பளம் இரண்டு கிழமையில் தொய்கிறது, ரவைக்கும் கடலைமாவுக்கும் வண்டு வருகிறது, வெங்காயம் முளைவிட்டுப் பிறகு அழுகுகிறது. யாழ்ப்பாணத்து வீட்டில் அம்மா அறுவடைக்குப் பிறகு சின்ன வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கூரைவளையில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார். அந்தக் காற்றும் அந்த இடமும் இங்கே இல்லை. அதனால் ஐந்து வாரத்துக்கு மேலான எதையும் துண்டில் எழுதுவதில்லை. கெட்டுப்போன இரண்டு கிலோ வெங்காயம், பத்துக் கிலோவில் பிடித்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

பதற்றத்தில் வாங்குவதும் அப்படித்தான். இறக்குமதியாகும் உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் போன்றவற்றுக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று ஒரு வரி இருக்கிறது. உள்ளூர் அறுவடை வரும் காலத்தில் விவசாயியைக் காக்க அதை உயர்த்துவார்கள், பிறகு குறைப்பார்கள். புறக்கோட்டையில் அந்தப் பேச்சு எப்போதும் காற்றில் இருக்கும். "அடுத்த கிழமை ஏறுமாம், இப்பவே எடுங்க" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது. 2025இல் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை பேர் பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கினார்கள்! வீட்டுக்கு வேண்டியது மாதம் ஒன்றிரண்டு பைக்கற்தான். மாதத் தொகையை இதுதான் என்று முடிவெடுத்த பிறகு, வதந்திக்கு ஒதுக்க அதில் இடம் இல்லை. விதிவிலக்கு பண்டிகைதான். தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் முன் கூட்டமும் கூடும், சில விலைகளும் ஏறும். நல்லெண்ணெய், சர்க்கரை, பயறு ஆகியவற்றை அதற்கு முந்திய மாதத்துத் துண்டில் ஏற்றிவிடுவேன். தைப்பொங்கலுக்கு வேண்டியதை டிசம்பரிலேயே.

குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை சின்னக் குறைகள் இல்லை.

முதலாவது நிறை. அந்தத் தெருவில் நான் முன்பு போன வேறொரு கடையில் வெங்காயத்தைச் சாக்கோடு நிறுத்துத் தந்தார்கள். வீட்டுத் தராசில் வைத்தால் ஐந்து கிலோவில் கணிசமான குறைவு. அடுத்த தடவை போய்ச் சொன்னபோது அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நான் அந்தக் கடையை விட்டுவிட்டேன். இப்போதைய கடையிலும் நான் தராசின் முகப்பைப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் நிற்பேன். சுழியத்தில் தொடங்குகிறதா, வெறும் பையை முதலில் வைத்துக் கழித்தார்களா என்று பாருங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. அங்கே வாங்கும் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது பற்றுச்சீட்டு. துண்டிலேயே விலை போட்டு, சரி என்று கோடு போட்டுத் தருவதோடு பல கடைகள் நிறுத்திக்கொள்ளும். கேட்டால் பில் எழுதித் தருவார்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும் குற்றம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம். நான் ஒவ்வொரு மாதமும் பில் கேட்டு வாங்கி, அதே துண்டோடு ஊசியால் குத்தி வைக்கிறேன். போன மாதம் பருப்பு என்ன விலை என்று நானாவோடு விவாதம் வந்தால் எடுத்துக் காட்டலாம். அவரும் அதை ரசிப்பார்.

மூன்றாவது, பொருள் திருப்பிக் கொடுப்பது. சுப்பர்மார்க்கெட்டில் பில்லோடு போனால் மாற்றித் தரும் ஏற்பாடு உண்டு. இங்கே எழுதப்பட்ட ஏற்பாடு ஒன்றும் கிடையாது, முகப்பழக்கம்தான். ஒரு முறை ரவையில் வண்டு இருந்தது. அடுத்த மாதம் கொண்டுபோய்க் காட்டியபோது ஒரு வார்த்தையும் பேசாமல் புது ரவை தந்தார்கள். ஆனால் ஒரு மாதம் நாங்கள் ரவை இல்லாமல்தான் இருந்தோம். புதிதாகப் போகிறவருக்கு அந்த மரியாதை உடனே கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

நான்காவது, போய் வருவது. போகும்போது வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கோட்டை வரை கடற்கரையோரமாகச் சுகமான பயணம். 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸும் உண்டு. திரும்பும்போதுதான் பாடு. முப்பது, நாற்பது கிலோ சாமானோடு பஸ்ஸில் ஏற முடியாது. தெருவுக்குள் நாட்டாமிமார் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு குரல் கொடுத்து வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரத்தில் நடக்க வேண்டும். அவர்கள் வேலை கடினமான வேலை, நிறுத்தித் திருப்ப முடியாத பாரம். கடைப் பையன் பிரதான வீதி வரை சாமானைக் கொண்டுவந்து ஓட்டோவில் ஏற்றிவிடுவான், அவனுக்குக் கையில் கொஞ்சம் கொடுப்போம். ஓட்டோ ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட வரும். அதையும் பையனுக்குக் கொடுப்பதையும் 28,000க்குள்ளேயே கணக்குப் பார்க்கிறேன். வெளியே வைத்தால் மிச்சம் பிடித்தது போல ஒரு பொய்த் தோற்றம் வரும். ஆக, சாமானுக்கு உண்மையில் 26,800 அளவில்தான். கார் கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் நிறுத்துமிடம் தேடியே அரை நாளைத் தொலைப்பார்கள்.

ஐந்தாவது, வயதானவர்களுக்கு இது ஏற்ற இடம் இல்லை. மாமிக்குத் தானே வந்து மல்லி மணந்து பார்க்க ஆசை. அந்த நெரிசலிலும் வெயிலிலும் நிற்க வைக்க எனக்கு மனம் இல்லை. இப்போது நானாவின் மகன் வாட்ஸ்அப்பில் துண்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்; விலை போட்டுத் திருப்பி அனுப்புவார். வீட்டு மேசையில் இருந்தே வெட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது, மாமியும் பக்கத்தில் இருந்து சொல்வார். உழுந்தைக் குறைக்கச் சொன்னால் அவர் கருவாட்டைக் குறைப்பார், இவர் கருவாட்டைத் திரும்பப் போடுவார், மகள் கச்சானுக்காக வாதாடுவாள். வீட்டுச் செலவு எல்லோருக்கும் தெரிவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மகள் எட்டாம் வகுப்பு. கூட்டல் அவள் பொறுப்பு. விலை அந்த நாளுக்கு மட்டும்தான் செல்லும் என்பதால் அனுப்புவதைச் சனிக்கிழமை காலையில் செய்து, மதியத்துக்கு முன் போய் எடுத்துவிடுகிறேன்.

விலையைப் பற்றி இவ்வளவு நேரமும் குறைவாகவே பேசியிருக்கிறேன். எங்கள் துண்டை அப்படியே வைத்து வெள்ளவத்தையில் விலை விசாரித்தால் தூள் சரக்கு, பயறு வகை, கருவாடு மூன்றிலும் வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. பருப்பு, சீனியில் கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய். அரிசி, மா, எண்ணெயில் சில மாதம் ஒன்றுமே இல்லை. ஓட்டோக் காசைக் கழித்த பிறகும் கையில் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் மிளகாயும் மல்லியும் கருவாடும்தான். அவை அதிகம் செலவாகாத வீடு என்றால் இந்தப் பயணம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே ஓட்டோவில் வரமுடிந்தால் தவிர. அப்போதும் துண்டைத் தனித்தனியாக எழுதுங்கள், தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா தினமும் பெரும்பாலான கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்காக மூடுவார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு முன் போனால் விலை போட்டுத் தருபவருக்கும் உங்களுக்கும் நிதானமாகப் பேச நேரம் இருக்கும். காசாகக் கொண்டு போங்கள், முடிவெடுத்த தொகையை மட்டும்.